கடாரத்தைக் கண்டவர்கள்

தன் சரித்திரத்தைத் தானே விரிவாக எழுதி வைத்த நாடுகள் சில. தன் கரையை நாடி வந்து, சில நாளோ சில மாதமோ தங்கி, மீண்டும் கப்பலேறிச் சென்ற அயலாருடைய குறிப்புகளிலிருந்தே தன் பழமையைத் திரட்டிக்கொள்ள வேண்டிய நாடுகள் பல. மலாய்த் தீபகற்பத்தின் வடமேற்கே, வங்கக்கடலை நோக்கி முகம் வைத்திருக்கும் கெடா, தமிழர் கடாரம் என்று வழங்கிய அந்நாடு, இந்த இரண்டாவது வகையைச் சார்ந்தது. மேரோங் மகாவங்ச சரித்திரம் என்னும் மலாய் நூல் அந்நாட்டு அரச வம்சத்தின் கதையைச் சொல்லுகிறதென்பது உண்மையே. ஆனால் அந்நூலில் கருடனும் ரூம் தேசத்துத் தூதுவர்களும் நடமாடும் அளவிற்கு, வயலும் துறையும் சந்தையும் அவற்றில் உழைத்த ஜனங்களும் இடம்பெறவில்லை. அவற்றை அறிய விரும்புவோர், சீனத் துறவி முதல் ஆங்கிலக் கடற்படை இளைஞன் வரை, இக்கரையைக் கண்டு சென்றவர்கள் விட்டுப்போன சொற்களையே நாட வேண்டியவர்களாக இருக்கிறார்கள்.

மூடா ஆறு கடலிற் கலக்கும் இடத்தில், அதன் வடகரையில் அமைந்த கோத்தா கோலா மூடா என்னும் ஊர், இன்று மீன்பிடிப் படகுகளும் தென்னை மரங்களும் சூழ்ந்ததொரு சிற்றூராகவே வருவோர்க்குத் தோன்றும். ஆற்றுக்கு அக்கரையில் பினாங்கு மாநிலத்தைச் சேர்ந்த செபராங் பிறை தொடங்குகிறது. வடக்கே சற்றுத் தொலைவில், கண்டல் மரங்கள் அடர்ந்த மெர்போக் ஆற்றின் முகத்துவாரமும், அதற்கு அப்பால் கடலோரச் சமவெளியிலிருந்து திடீரென எழுந்து சுமார் நாலாயிரம் அடி உயரத்திற்கு நிமிர்ந்து நிற்கும் ஜெராய் மலையும் உள்ளன. திசைகாட்டும் கருவி வழக்கிற்கு வராத காலத்தில், சோழமண்டலக் கரையிலிருந்தும் ஈழத்திலிருந்தும் வங்கத்திலிருந்தும் கிழக்கு நோக்கி வந்த மாலுமிகளுக்கு, நீர்ப்பரப்பின் விளிம்பில் முதன்முதலாகத் தென்பட்ட நில அடையாளம் அந்த மலையே. அதனைக் குறியாகக் கொண்டு கரையை அணுகியவர்கள் மெர்போக்கின் வாயிலாகவோ மூடாவின் வாயிலாகவோ உட்புகுந்து நங்கூரமிட்டார்கள். இன்று கோத்தா கோலா மூடாவை அடுத்துள்ள சுங்கை மாஸ் என்னும் கிராமத்தில், பல்லவ எழுத்தில் பொறித்த பௌத்த வாசகம் தாங்கிய கல்லும், எண்ணிறந்த கண்ணாடி மணிகளும், சீனத்துப் பீங்கான் ஓடுகளும், மேற்காசியாவிலிருந்து வந்த நீலப்பச்சை நிற மெருகேற்றிய மட்கல ஓடுகளும் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்திருப்பது, இச்சிற்றூரின் நிலம் ஒரு காலத்தில் எத்தனை தேசத்தார் பாதம் பட்ட நிலம் என்பதைத் தெளிவாக உணர்த்துகிறது. அந்த மணிகளில் ஒரு பகுதி இங்கேயே உருக்கிச் செய்யப்பட்டவை என்பதும் ஆராய்ச்சியாளர் கண்ட முடிபு.

இக்கரைக்கு வந்தவர்களுள் தம் பிரயாணத்தைக் காலக்கணக்கோடு எழுதி வைத்த முதல்வர் இத்சிங் என்னும் சீன பௌத்தத் துறவி. 671-ஆம் ஆண்டில் காண்டன் துறையிலிருந்து பாரசீகக் கப்பலொன்றில் புறப்பட்ட அவர், ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் பயின்று, பின்னர் மலாயு என்னும் நாட்டின் வழியாகக் கெடாவை அடைந்து, அங்கிருந்து அரசனுடைய கப்பலில் வடக்கே சென்று, 673-இல் வங்கத்துத் தாமிரலிப்தித் துறையில் இறங்கினார். இடைவழியில், ஆடையணியாத மக்கள் வாழும் தீவுகள் என்று அவர் குறிப்பிடும் நிக்கோபார் பகுதியை அடைந்தபோது, தேங்காயும் வாழைப்பழமும் பிரம்புப் பொருள்களும் ஏற்றிய சிறு தோணிகளில் அத்தீவினர் கப்பலைச் சூழ்ந்துகொண்டதையும், அவற்றுக்கு மாற்றாக அவர்கள் வேண்டியது இரும்பு ஒன்றே என்பதையும் அவர் எழுதியிருக்கிறார். மெர்போக் கரையிலுள்ள சுங்கை பத்துவில், 2009-ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில், இரும்பு உருக்கிய உலைகளும், உலைக்குக் காற்றூதிய சுடுமண் குழாய்களும், செங்கற் கட்டிடங்களும், படித்துறைகளும் வெளிப்பட்டன. அவற்றுள் மிகப் பழமையானவற்றின் காலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், கெடாக் கரையில் பல நூற்றாண்டுகளாக இரும்பு உருக்கப்பட்டது என்பதிலும், அக்கரையிலிருந்து சென்ற கப்பலை இரும்பு வேண்டித் தீவினர் எதிர்கொண்டார்கள் என்பதிலும் ஐயமில்லை.

இத்சிங் எழுதிய மற்றொரு நூலில், அவர் காலத்தில் மேற்குத் திசை சென்ற துறவியரின் வாழ்க்கை வரலாறுகள் தொகுக்கப்பட்டுள்ளன. அவர்களுள் வூசிங் என்பவர் கெடாவில் கப்பல் மாறி, மேற்கு நோக்கி முப்பது நாள் பிரயாணம் செய்து ஒரு துறையில் இறங்கினார் என்றும், அங்கிருந்து இரண்டு நாளில் சிங்களத் தீவை அடைந்தார் என்றும் அந்நூல் கூறுகிறது. அந்தத் துறையை நாகப்பட்டினம் என்றே அறிஞர் கொள்ளுகின்றனர். கடாரத்தையும் நாகப்பட்டினத்தையும் இணைக்கும் இந்த நேர்வழி, ஏழாம் நூற்றாண்டிலேயே இன்ன பருவத்தில் புறப்பட்டால் இத்தனை நாளில் சென்றடையலாம் என்று சொல்லத்தக்க அளவிற்குப் பழகிய வழியாகிவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று கப்பல்களைக் கிழக்கே கொண்டுவந்து சேர்க்கும். வடகிழக்குக் காற்று எழும்வரை அவை திரும்பிச் செல்ல இயலாது. ஆகவே வந்தவர்கள் மாதக்கணக்கில் இங்கே காத்திருக்க வேண்டியவர்களானார்கள். அவ்வாறு காத்திருந்தவர்களுக்கு உணவும் உறையுளும் வேண்டியிருந்தன, மரக்கலங்களைச் செப்பனிடத் தச்சர் வேண்டியிருந்தனர், கடலிடைப் பட்ட அச்சம் தீர வழிபடும் ஸ்தலங்களும் வேண்டியிருந்தன. மெர்போக் ஆற்றை ஒட்டிய பூஜாங் பள்ளத்தாக்கில் இன்று காணப்படும் ஆலயச் சிதைவுகள் இந்தக் காத்திருப்பின் சின்னங்களே என்று கொள்ளுவது பொருந்தும். ஐந்தாம் நூற்றாண்டளவில் புத்தகுப்தன் என்னும் பெருங்கடலோடி, ஏழு குடைகள் கவிந்த ஸ்தூபத்தின் உருவத்தோடு கல்லிற் பொறித்து வைத்த சாசனமும், யாத்திரை இனிது முடிய வேண்டும் என்னும் பிரார்த்தனையைத் தாங்கியதே. மூடா ஆற்றுக்குத் தெற்கே, செபராங் பிறையின் வடபகுதியில், 1834-ஆம் ஆண்டில் அக்கல் கண்டெடுக்கப்பட்டுக் கல்கத்தாப் பொருட்காட்சிச் சாலைக்கு அனுப்பப்பட்டது.

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கடல்வழியின் இரு முனைகளும் ஒரே சாசனத்தில் இடம்பெறுகின்றன. கடாரத்துக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் அதிபதியாகிய ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரத்தை எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை முதலாம் இராஜராஜன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில் பள்ளிச்சந்தமாக வழங்கினான். தந்தை வாய்மொழியாக அளித்த அத்தானத்தை இராஜேந்திரன் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். அந்த இராஜேந்திரனே, சுமார் இருபது ஆண்டுகளுக்குள், ஏறத்தாழ 1025-ஆம் ஆண்டில், அலைகடல் நடுவே பல கலம் செலுத்தி ஸ்ரீவிஜயத்தையும் அதன் துறைகளையும் தாக்கி, சங்கிராம விஜயோத்துங்கவர்மனைச் சிறைப்படுத்தி, கடாரத்தையும் கைக்கொண்டதாக அவனுடைய மெய்க்கீர்த்தி உரைக்கிறது. அந்த மெய்க்கீர்த்தியை ஒரு பிரயாணக் குறிப்பாகவும் படிக்கலாம்: இந்த ஊருக்கு மதில், அந்த ஊருக்கு ஆழ்ந்த அகழி, மற்றோர் ஊருக்குப் பழம் பெருமை என்று துறைதோறும் ஒவ்வோர் அடைமொழி கொடுத்துவந்த புலவர், இறுதியில் வைத்த கடாரத்தைக் கடலே காவலாக அமைந்த வலிய நகர் என்று சிறப்பித்துச் செல்கிறார். படையெடுப்போடு உறவு முறிந்துவிடவும் இல்லை. முதலாம் குலோத்துங்கன் 1090-இல் அதே விகாரத்திற்கு உரிய ஊர்களின் வரிவிலக்கை, கடாரத்தரையனின் தூதர்கள் வேண்டிக்கொண்டபடி, மீண்டும் உறுதிப்படுத்திய சிறிய செப்பேடும் இன்றும் உள்ளது. சோழ நாட்டில் கடாரங்கொண்டான் என்று ஊர்ப்பெயர் நிலைத்தது. ஆயினும் கடாரத்தில் அக்காலத்துச் சோழ வீரன் ஒருவன் கண்ட வீதி எப்படியிருந்தது, அவன் உண்ட சோறு எந்த வயலில் விளைந்தது என்பதைச் சொல்லும் ஒரு வரியும் எந்தச் சாசனத்திலும் இல்லை. அரசர்கள் வென்ற ஊரின் பெயரை விரும்பினார்கள். ஊரின் வாழ்வை எழுதுவது அவர்கள் கருத்தாக இருக்கவில்லை.

வணிகர்களோ தத்தம் சரக்கையே தேடினார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் இபின் குர்தாத்பே என்னும் பாரசீக ஆசிரியர் அரபு மொழியில் எழுதிய வழிநூலில் காணும் கலா என்னும் துறை, ஈயச் சுரங்கங்களுக்கும் மூங்கிலுக்கும் பேர்போனது. அதனைக் கெடா என்று கொள்ளுவோர் பலர், அதே கரையில் வேறு இடங்களில் அதை வைப்போர் சிலர். மலாக்காவைப் போர்த்துகீசியர் பற்றிய பின்னர், 1512-க்கும் 1515-க்கும் இடையில் அங்கிருந்து எழுதிய தோமே பீரிஸ், கெடாவை ஆற்றுக்குள் அமைந்த, குடிகளும் வீடுகளும் குறைந்த ஒரு சிறிய இராஜ்யமாகக் கண்டு, அதன் மிளகைக் குறித்துக்கொண்டார். அந்த மிளகே அந்நாட்டுக்கு அபாயமாகவும் முடிந்தது: 1619-இல் ஆச்சே அரசன் இஸ்கந்தர் மூடா கெடாவின் மீது படையெடுத்து அதன் மிளகு வர்த்தகத்தைச் சிதைத்தான். அந்நூற்றாண்டின் எழுபதுகளில் இக்கரைகளில் வாணிகம் செய்த தாமஸ் பௌரி என்னும் ஆங்கிலேயர், வங்கக்கடல் சூழ்ந்த நாடுகளைப் பற்றி எழுதிய நூலில் கெடாவையும் விவரிக்கும்போது, சூலியர் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அரசவையிலும் சந்தையிலும் பெற்றிருந்த செல்வாக்கை எடுத்துரைக்கிறார். தமக்குப் போட்டியாளராக வந்தவர்களைப் பற்றி எழுதுவதால் அவர் சொற்களில் கசப்பு மிகுதி. அக்கசப்பை நீக்கிவிட்டுப் பார்த்தால், நாகூர், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளிலிருந்து துணிமணி ஏற்றிவந்து ஈயமும் யானையும் கொண்டுசென்ற தமிழர், கெடாவின் வாழ்வில் எவ்வளவு ஊன்றியிருந்தார்கள் என்பது புலப்படும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டைக் காணும் கண் மாறியது. 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். 1800-இல் மூடா ஆற்றுக்கும் கிரியான் ஆற்றுக்கும் இடைப்பட்ட கடலோர நிலமும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு வழங்கப்பட்டு, தீவுக்கும் இந்நிலத்துக்குமாக ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் ஸ்பானிய வெள்ளி கெடா சுல்தானுக்குச் செலுத்துவதென்று உடன்படிக்கை ஏற்பட்டது. அன்று முதல் மூடா ஆறு ஓர் எல்லைக்கோடாயிற்று. 1821-ஆம் ஆண்டு நவம்பரில் சயாம் படைகள் கெடாவைக் கைப்பற்றியபோது, அந்த ஆற்றைக் கடந்து தென்கரைக்கு ஓடிவந்த அகதிகள் ஆயிரக்கணக்கானவர். தம் நாட்டை மீட்க மலாய்க்காரர் 1838-இல் எழுந்தபோது, சயாமுக்குத் துணையாக ஆங்கிலக் கடற்படை கெடாக் கரையை முற்றுகையிட்டது. அம்முற்றுகையில் மலாய் மாலுமிகளைக் கொண்ட ஒரு சிறு பீரங்கிப் படகுக்குத் தலைமை தாங்கிய ஷெரார்ட் ஆஸ்பர்ன், அப்போது பதினாறு வயது இளைஞர். அவர் 1857-இல் வெளியிட்ட நூல், இக்கரையின் ஆறுகளையும் சதுப்பு நிலங்களையும் மீனவரையும், தம் கப்பலில் தம்மோடு உண்டு உறங்கிய மலாய்த் தோழர்களையும் நேருக்கு நேர் கண்டு எழுதியது. யாருக்கு எதிராக அனுப்பப்பட்டாரோ அவர்கள்மேல் அனுதாபமும் மரியாதையும் தோன்றும்படி அவர் எழுதியிருப்பது, ஒரு பிரயாணியின் நெஞ்சம் தன் கடமையையும் கடந்து விரிய முடியும் என்பதற்கு நல்ல உதாரணம்.

அதே காலத்தில், மூடாவின் தென்கரையில் நிர்வாக அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் லோ, மண்ணின் தன்மையையும் நெற்சாகுபடியையும் ஆராய்ந்து 1836-இல் ஒரு நூல் எழுதினார். மேரோங் மகாவங்சத்தை 1849-இல் ஆங்கிலப்படுத்தினார். புத்தகுப்தனுடைய கல்லைக் கண்டெடுத்தவரும் இவரே. இவருக்கு நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், 1936-ஆம் ஆண்டு முதல் குவாரிட்ச் வேல்ஸ் என்பவர் தம் மனைவி டாரதியோடு மெர்போக், மூடா ஆகிய ஆற்றுப்படுகைகளில் ஏறத்தாழ முப்பது இடங்களில் அகழ்ந்து ஆராய்ந்தார். ஜெராய் மலைச்சாரலில் உள்ள புக்கிட் பத்து பாஹாட் ஆலயத்தின் விமானமும் மண்டபமுமாகிய கல் அடித்தளத்தை அலஸ்டர் லாம்ப் 1960-இல் மீண்டும் அடுக்கி நிறுத்தினார். மரத்தூண்களும் கூரையும் மண்ணோடு மண்ணாகிவிட்டபடியால், தூண் நின்ற கற்குழிகளைக் கொண்டே அந்தக் கட்டிடத்தின் உருவத்தை நாம் ஊகிக்க வேண்டியிருக்கிறது. பதினோராவது தலம் என்று எண்ணிடப்பட்ட மற்றோர் ஆலயச் சிதைவு, நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்டுப் போன செய்தி 2013-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தபோது, மலேசியாவெங்கும் மனவருத்தம் உண்டாயிற்று. இன்று அந்த ஆலயத்தை அறிய விரும்புவோர்க்கு எஞ்சியிருப்பவை, அதனை முன்பு கண்டவர்கள் எடுத்த அளவுகளும் வரைபடங்களும் புகைப்படங்களுமே. எழுதி வைத்தல் எத்தகைய காப்பு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, இந்தக் கற்கள் கிடந்த நிலம் யாருடைய உழைப்பில் இருந்தது என்று கேட்டால், வரலாறு வேறொரு கூட்டத்தாரை நம்முன் நிறுத்துகிறது. இச்சிதைவுகள் பலவும் ரப்பர்த் தோட்டங்களின் நடுவே கிடந்தவை. குவாரிட்ச் வேல்ஸ் வரைபடத்தில் ஆலயமாகக் குறிக்கப்பட்ட மேடுகளைச் சூழ்ந்து, வைகறை இருளில் நெற்றி விளக்கோடு பால் வெட்டியவர்கள் தமிழர். 1909-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தினால் கெடா சயாமிடமிருந்து ஆங்கிலேயர் பாதுகாப்புக்குள் வந்ததும், 1915-இல் புகைவண்டி அலோர் ஸ்டார் வரை சென்றதும், ரப்பர் விலை உயர்ந்ததும் ஒன்றுகூட, கூலிம், பாடாங் செராய், சுங்கைப்பட்டாணி, பீடோங், செமிலிங் முதலிய ஊர்களைச் சூழ்ந்த காடுகள் பால்மரத் தோட்டங்களாக மாறின. கங்காணிகள் தம் சொந்த ஊர்களுக்குச் சென்று, உறவின் முறையாரையும் ஊராரையும் திரட்டி, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேற்றினார்கள். வூசிங் முப்பது நாளில் கடந்த அதே நீரை, நீராவிக் கப்பல்கள் ஒரு வார அளவில் கடந்தன. சூளாமணி விகாரம் நின்ற நகரத்தின் துறையிலிருந்து, அதனை எழுப்பிய அரசனுடைய நாட்டை நோக்கித் தாம் செல்வதை, கப்பலின் கீழ்த்தட்டில் சுருண்டு கிடந்த அம்மக்களுக்கு எடுத்துச் சொல்வார் எவருமில்லை.

அவர்கள் கண்ட கெடா, எந்த யாத்திரிகனும் காணாத கெடா. பினாங்கில் இறங்கி, ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்புக்காக அடைபட்டிருந்து, பின்னர் தோட்டம் சேர்ந்து, லயத்து வீட்டில் ஓர் அறையில் குடும்பத்தோடு தங்கி, விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பெயர் கூப்பிட்ட பின் தம் நிரைக்குச் சென்று மரம் வெட்டி, வெயில் ஏறுவதற்குள் மங்குகளிலிருந்து பாலைச் சேர்த்து, காண்டாக் கம்பில் வாளிகளைச் சுமந்து ஸ்டோரில் அளந்து கொடுத்து, ஒட்டுப்பாலையும் பொறுக்கி எடைபோட்ட அவர்களுக்கு, இந்நாட்டின் மழையும் மண்ணும் மேட்டுப் பள்ளங்களும் உடம்பினால் அறிந்த விஷயங்கள். எந்தக் காட்டில் மரம் முதிர்ந்தது, எந்தச் சரிவில் மழைத் தண்ணீர் நிற்கும், எந்த ஓடையில் வெள்ளம் வரும் என்பதை இத்சிங்கும் அறியார், லோவும் அறியார். தோட்டத்துக் கிழவி ஒருத்தி அறிவாள். மாரியம்மனுக்குக் கோவில் எழுப்பி, ஆண்டுதோறும் தீமிதித்து, குழந்தைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் கேட்டுப் பெற்று, ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்களுக்காக அழுது, போர் முடிந்த 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கள்ளுக்கடைகளை மறித்த தொண்டர் படையாகக் கெடாத் தோட்டங்களில் திரண்டெழுந்தவர்களும் அவர்களே. இத்தனையும் சரித்திரமே. ஆனால் இச்சரித்திரத்தின் பெரும்பகுதியை நாம் அறிவது அயலார் வாயிலாகவே. 1937-இல் வெளிவந்த தம் அறிக்கைக்காக மலாயாவைச் சுற்றிப் பார்த்த ஸ்ரீநிவாச சாஸ்திரியார் போன்ற பெரியோர்களும், சில வாரங்களுக்குள் தோட்டம் தோட்டமாகச் சென்று மீண்ட விருந்தினரே. அடுத்த ஆண்டில் இந்திய அரசாங்கம் தொழிலாளர் அனுப்புவதைத் தடுத்த பின்னர், வந்தவர்கள் இந்நாட்டினராகவே வேரூன்றினார்கள். எழுதும் பழக்கம் மட்டும் லயங்களுக்குத் தாமதமாகவே வந்து சேர்ந்தது.

இதே நிலைமை உலகின் வேறொரு கோடியில் இருந்து, பின்னர் மாறிய வரலாற்றை இங்கே நினைவுகூர்வது பயன்படும். பால்டிக் கடலின் கிழக்குக் கரையில் இன்று லாத்வியா என்று வழங்கும் நாட்டின் தலைநகராகிய ரீகா, 1201-இல் ஜெர்மானியப் பாதிரியாரால் நிறுவப்பட்டு, வர்த்தகத்தால் செழித்த நகரம். அங்கே சென்ற பிரயாணிகள், கோபுரங்களையும் வணிகர் மாளிகைகளையும் துறைமுகத்தையும் வியந்து எழுதினார்கள். நகரத்தின் மொழி ஜெர்மன். நகர்ப்புறத்தைத் தாண்டி, ரை தானியமும் ஆளியும் விளையும் வயல்களுக்கு நடுவே, பிரபுக்களின் பண்ணைகளில் அடிமைப்பட்டு வாழ்ந்த லாத்விய உழவர்களோ, எழுதுவோரின் கண்ணுக்கு நெடுங்காலம் நிலக்காட்சியின் ஒரு பகுதியாகவே இருந்தார்கள். 1796-இல் கார்லீப் மெர்க்கல் என்னும் ஜெர்மானியர் அவ்வுழவர்களின் துன்பத்தை உருக்கமாக எழுதி உலகறியச் செய்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த அடிமைத்தளையும் சட்டப்படி நீங்கியது. ஆயினும் மெர்க்கலும் அவர்களைப் பற்றி எழுதியவரேயன்றி, அவர்களாக எழுதியவர் அல்லர். அக்குறை தீர்ந்தது, உழவர் குடியில் பிறந்து கல்வி பெற்ற தலைமுறை ஒன்று தோன்றிய பின்னரே. கிரிஷ்யானிஸ் பாரன்ஸ் என்பவர், தாலாட்டு, மணப்பாட்டு, அறுவடைப் பாட்டு, சாவுப்பாட்டு எனக் கிராமந்தோறும் வாய்மொழியாக வழங்கிய நான்கடிப் பாடல்களைச் சிறு சிறு தாள்களில் எழுதிப் பெற்று, அவற்றை வகைப்படுத்துவதற்கென்றே பல சிற்றறைகள் கொண்ட ஓர் அலமாரியைச் செய்வித்து, 1894 முதல் 1915 வரை இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பாடல்களைப் பதிப்பித்தார். அண்டை நாடாகிய எஸ்தோனியாவில் யாக்கப் ஹர்ட் 1888-இல் விடுத்த வேண்டுகோளை ஏற்று, பள்ளி ஆசிரியரும் உழவரும் கைவினைஞருமாக ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தம் ஊர்ப் பாட்டுகளையும் கதைகளையும் எழுதி அனுப்பினார்கள். அந்நாடுகள் சுதந்தரம் பெறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அவற்றின் மக்கள் தம்மைத் தாமே கண்டுகொண்டது இந்தத் தாள்களில்தான்.

கெடாத் தோட்டங்களிலும் கப்பலேறி வந்த துயரையும், கங்காணியின் வாக்கையும், கள்ளினால் கெட்ட குடும்பத்தையும், ஊரில் விட்டுவந்த தாயையும் பாடிய தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் இருந்தன. அவற்றுள் சில இன்னும் முதியோர் நெஞ்சில் இருக்கின்றன. முரசு நெடுமாறன் நெடுங்காலம் உழைத்து 1997-இல் வெளியிட்ட மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம், ஒரு நூற்றாண்டுக் காலக் கவிதைகளை ஒருவர் முயற்சியால் ஓரிடத்தில் சேர்க்க முடியும் என்று காட்டியிருக்கிறது. தோட்டத்து வாழ்வுக்கும் அத்தகைய தொகுப்பு வேண்டும். அதுவும் விரைவில் வேண்டும். ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. தோட்டங்கள் பல துண்டு துண்டாக விற்கப்பட்டன. சுங்கைப்பட்டாணியைச் சூழ்ந்த லயங்கள் இருந்த இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் எழுந்திருக்கின்றன. தோட்டத்து மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர, பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கூடங்கள் இடம் மாறுகின்றன. இயற்கையும் எச்சரிக்கை செய்யாமல் இருக்கவில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, கெடாவில் மிகக் கடுமையாகத் தாக்கிய இடங்களுள் ஒன்று கோத்தா கோலா மூடா. அதே நாளில் அதே அலை தமிழ்நாட்டில் அதிகமான உயிர்களைக் கொண்டுசென்றது நாகப்பட்டினம் மாவட்டத்தில், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக ஒரே கடல்வழியின் இரு வாயில்களாக இருந்த ஊர்கள், ஒரே நாளில் ஒரே துயரத்தை அடைந்தன. இக்கரையில் உடைந்த படகுகளையே அடுக்கி நினைவுச் சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். நேர்ந்ததை மறக்கக்கூடாது என்னும் உணர்ச்சி இவ்வூராரிடம் நிறைய உண்டு என்பதற்கு அது சாட்சி.

அந்த உணர்ச்சி தோட்டத்துச் சரித்திரத்தின் மேலும் திரும்புமாயின், செய்ய வேண்டுவன பெரிய காரியங்களல்ல. தோட்டப் பள்ளிகளின் வருகைப் பதிவேடுகள், கோவில் திருவிழா வரவுசெலவுக் கணக்குகள், பெரட்டுப் புத்தகங்கள், கப்பல் சீட்டுகள், ஊரிலிருந்து வந்த கடிதங்கள், கல்யாணப் பத்திரிகைகள் ஆகியன இன்னும் பல வீடுகளில் தகரப் பெட்டிகளில் இருக்கின்றன. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன் வட்டாரத்து முதியோர் சொல்வதை மாணவர்களைக் கொண்டு எழுதுவித்து, எந்தத் தோட்டம், எந்தக் காடு, எந்த ஆண்டு என்ற குறிப்போடு சேர்த்து வைக்குமானால், சில ஆண்டுகளுக்குள் தென் கெடாவின் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு வரலாறு உண்டாகிவிடும். எஸ்தோனியாவில் ஊர் ஆசிரியர்கள் செய்ததும் இதுவே; அதற்கு அவர்களிடம் பணமும் பதவியும் இருக்கவில்லை, தம் மக்களின் சொல் மதிப்புடையது என்னும் நம்பிக்கை மட்டுமே இருந்தது. கடாரத்தைக் கண்டவர்கள் என்னும் வரிசையில் துறவியும் அரசனும் வணிகனும் அதிகாரியும் தத்தமக்குரிய இடத்தைப் பெற்றுவிட்டார்கள். அந்த வரிசையில் எல்லோரினும் நெடுநாள் இங்கே வாழ்ந்து, எல்லோரினும் நெருங்கி இந்நிலத்தை அறிந்த தோட்டத் தமிழனுக்குரிய இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. அதனை நிரப்பும் கடமை, அவன் பேரப்பிள்ளைகளாகிய, எழுதப் படிக்கத் தெரிந்த நம்மையே சார்ந்தது.